மணிக்கு ஓர் அணா

1828-இல் வங்காளத்து ஸ்ரீராம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘சமாச்சார் தர்ப்பண்’ இதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. சாந்திப்பூரில் நூல் நூற்றுப் பிழைத்த ஒரு பெண். இருபதை ஒட்டிய வயதில் கணவர் போய்விட்டார்; மூன்று பெண் குழந்தைகள். கருமாதிச் செலவில் நகைநட்டும் கரைந்தது. அதன்பிறகு ராட்டையும் தக்ளியும்தான். வீட்டு வேலைக்கு நடுவே நூற்பார். நெசவாளிகள் வாசலுக்கே வந்து நூலை எடுத்துக்கொண்டு பணம் தருவார்கள். அந்தப் பணத்தில் மகள்களுக்கு நாலு பேர் குறை சொல்லாதபடி சீர்செனத்தியோடு கல்யாணம் செய்துவைத்ததாக எழுதுகிறார். பிறகு ஒரு கட்டத்தில் வாசலுக்கு ஆள் வருவது நின்றுபோனது. நூலைச் சந்தைக்கு அனுப்பினாலும் பழைய விலை கிடைக்கவில்லை. விசாரித்தால், சீமை நூல் வந்து இறங்கியிருக்கிறது என்றார்கள்.

அந்தச் சீமை நூலின் விலையைக் கேட்டதும் அவர் மனதில் ஓடியதை எழுதியிருக்கிறார் பாருங்கள், அதற்காகவே இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். அவருக்குக் கோபம் வரவில்லை, இரக்கம் வந்தது. சீமையில் எல்லோரும் பணக்காரர்கள் என்றல்லவா நினைத்திருந்தோம், நூலை இந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அங்கே நம்மைவிடக் கஷ்டப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

அவர் போட்ட கணக்கில் பிசகில்லை. நூலின் விலை என்பது பஞ்சின் விலையும் நூற்றவளின் நேரமும் சேர்ந்தது. பஞ்சு எங்கேயும் பஞ்சுதான். அப்படியானால் விலை குறைந்த இடம் நேரமாகத்தான் இருக்க வேண்டும்; யாரோ ஒருத்தி தன் நேரத்தை இவரைவிட மலிவாக விற்கிறாள். இயந்திரம் நடுவில் புகுந்ததை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவருடைய ஊகத்தில் அவருக்கே தெரியாத ஓர் உண்மையும் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போன பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வந்தது. அதைப் பறித்தவர்கள் அடிமைகள். அவர்களுடைய நேரத்துக்கு விலையே கிடையாது. சாந்திப்பூர் விதவையைவிடக் கஷ்டப்பட்ட பெண்கள் உண்மையிலேயே கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர் நினைத்த கடல்தான் வேறு.

இயந்திரம் செய்த வேலையையும் குறைத்துச் சொல்ல முடியாது. 100 பவுண்டு பஞ்சை, அதாவது சுமார் 45 கிலோவை, நூலாக்க 18-ஆம் நூற்றாண்டின் இந்தியக் கைகளுக்கு 50,000 மணி நேரம் பிடித்தது என்பது பொருளாதார வரலாற்று நூல்களில் வழக்கமாக வரும் மதிப்பீடு. 1780 வாக்கில் கிராம்ப்டனின் ‘மியூல்’ இயந்திரத்தில் அது 2,000 மணி நேரமாயிற்று. 1825-ஐ ஒட்டி ராபர்ட்ஸின் தானியங்கி மியூல் வந்தபோது 135. கடிதம் எழுதப்பட்டதற்கு மூன்றே வருஷம் முன்பு. அவர் கையால் ஒரு வருஷம் நூற்பதை ஒரே நாளில் நூற்கும் இயந்திரத்தோடு அவர் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

வாசலுக்கு வந்துகொண்டிருந்த நெசவாளிகள் எங்கே போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் தறிகளும் வீழ்ந்தன, உண்மை. ஆனால் ராட்டை ஓய்ந்த அளவுக்குத் தறி ஓயவில்லை. மலிவான ஆலை நூலை வாங்கித்தான் நம் பக்கத்துக் கைத்தறிகள் பிழைத்தன. வீட்டுப் பெண்கள் நூற்ற நூலின் இடத்தில் முதலில் சீமை நூல் வந்தது, பிறகு உள்ளூர் ஆலை நூல் வந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணி நீரின் விசையை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை வைத்தார்கள். 1888-இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. இன்று கைத்தறிச் சேலை என்று நாம் பெருமையாகக் கட்டுவதில் பெரும்பாலானவற்றின் நூல் மில்லில் நூற்றது. நெய்தவர் பாதியைச் செய்கிறார், பாதியை வாங்குகிறார். நூறு சதவீதம் சொந்தக் கையால் செய்த பொருள் என்று ஒன்றைத் தேடிப் போனால் நாம் கற்காலத்தில்தான் போய் நிற்க வேண்டும். எங்கே செய்வதை நிறுத்தி எங்கே வாங்க ஆரம்பிப்பது என்பதுதான் எந்தக் காலத்திலும் கேள்வி. அந்தக் கோட்டை நகர்த்தும்போது யாருடைய நேரம் அடிபட்டுப் போகிறது என்பதை மட்டும் வரலாறு எழுதியவர்கள் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கோட்டைத் திருப்பி நகர்த்தப் பார்த்தவர் காந்தி. 1908-இல் ராட்டைதான் மருந்து என்று முடிவு கட்டியபோது தறியையோ ராட்டையையோ தான் பார்த்ததாகவே நினைவில்லை என்று சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். கங்காபென் மஜும்தார் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் பரணில் கிடந்த ராட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை எல்லாம் எழுத்தளவில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றில் 1921 செப்டம்பர் 22, மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறிய நாள் நம் எல்லோருக்கும் தெரியும். கதரின் கணக்கு வழக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 20-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 20 சிட்டம். சிட்டத்துக்கு 840 கஜம். ஆகமொத்தம் 16,800 கஜம். நன்றாகப் பழகிய கை மணிக்கு 400 கஜம் நூற்கும் என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுண்டுக்கு 42 மணி நேரம். பஞ்சு கொட்டுவது, பட்டை போடுவது, நெய்வது எல்லாம் தனி. இந்த 42 மணி நேரத்துக்கு என்ன கூலி? 1930-களின் நடுவில் எட்டு மணி நேரம் நூற்றவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஓர் அணா. பவுண்டுக்கு ஐந்தேகால் அணா.

அதற்கு முன்பு நடந்த கூத்து ஒன்று உண்டு. 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ் கூடியது. காந்தி தலைமை வகித்த ஒரே காங்கிரஸ் மாநாடு அது. காங்கிரஸில் உறுப்பினராக இருக்க வேண்டுமானால் மாதம் 2,000 கஜம் நூல் சந்தாவாகக் கட்ட வேண்டும் என்று அங்கே ஆயிற்று. தலைவர்களும் வக்கீல்களும் உட்கார்ந்து நூற்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் உடம்புக்கு முடியாவிட்டாலோ விருப்பமில்லாவிட்டாலோ வேறொருவர் நூற்றதைக் கட்டலாம் என்றும் அதே தீர்மானத்தில் ஒரு வழி விட்டிருந்தார்கள். வழி இருந்தால் வக்கீல்கள் விடுவார்களா! சொந்தமாகச் செய்வதற்காகப் போட்ட விதி, காசு கொடுத்து வாங்கிக் கட்டவும் இடம் தந்தது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அதை மாற்றி, நாலணா அல்லது சொந்தமாக நூற்ற நூல் என்று ஆக்கினார்கள். அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்ததும் அங்கேதான்.

அதே 1925-இல் தாகூர் ராட்டை வழிபாட்டைச் சாடி எழுதினார். நாட்டில் உள்ள எல்லோரும் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்வது மனதை மழுங்கடிக்கும் என்பது அவர் கவலை. அது கவிஞரின் கவலை. பொருளாதாரம் படித்தவர்கள் கேட்டது வேறு: மில் துணி பாதி விலைக்குக் கிடைக்கும்போது இது எதற்கு? காந்தியின் பதில் எளிமையானது. மழை பொய்த்த மாதங்களில் கிராமத்துப் பெண் வேறு எந்த வேலையும் இல்லாமல் இருக்கிறாள். அந்த நேரத்தை வாங்க ஆள் இல்லை. ஓர் அணா வந்தாலும் அது லாபம்தான். ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான். அது வானம் பார்த்த பூமி. பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கிக்கொண்டு கையில் காசு கொடுத்தால் வறட்சி மாதங்களில் அடுப்பு எரியும். அந்த நிலைமைக்கு இது சரியான வாதம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அதன் அடியில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்துக்கு மதிப்பில்லை, அதனால் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் தப்பில்லை என்ற பூஜ்யம். வீட்டில் செய்வது மலிவு என்று யார் சொன்னாலும் அந்தப் பேச்சு நிற்பது இந்தப் பூஜ்யத்தின் மேல்தான்.

அதைத் தொட்டுப் பார்த்ததும் காந்தியேதான். 1935-இல், ராட்டையை ஆதரித்தவர்களுக்கே தூக்கிவாரிப் போடும்படி, நூற்பவளுக்கு மணிக்கு ஓர் அணா கொடுக்க வேண்டும் என்றார். எட்டு மணி நேரத்துக்கு எட்டணா. கதர் நிலையங்களை நடத்தியவர்கள் பதறினார்கள். ஏற்கெனவே மில் துணியைவிட விலை. இதையும் ஏற்றினால் வாங்குவது யார்? மேலே போட்ட கணக்கின்படி ஒரு பவுண்டு நூலுக்கு நூற்புக் கூலி மட்டும் 2 ரூபாய் 10 அணாவாகும். கடைசியில் சங்கம் நாளுக்கு மூன்று அணா என்ற அளவில் வந்து நின்றது. பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு ரூபாய். கதர் விலை ஏறத்தான் செய்தது. இந்தக் கூலி வாங்கும் பெண்கள் தாங்களும் கதரே உடுத்த வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அதுவரை அவர்களில் பலர் தாங்கள் நூற்றதை விற்றுவிட்டு மலிவான மில் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்ததில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூலி ஓர் அணாவாக இருந்தால் ஓர் அணாக்காரிக்கு ஏற்ற துணியைத்தானே வாங்க முடியும்.

கூலியைக் கூட்டினால் விலை ஏறும், விலை ஏறாமல் கூலியைக் கூட்ட வேண்டுமானால் அதே நேரத்தில் அதிக நூல் வர வேண்டும். அதனால் ராட்டை இயக்கமே இயந்திரத்தைத் தேடிப் போனது. 1929-இலேயே நூற்போர் சங்கம் ஒரு லட்ச ரூபாய்ப் பரிசு அறிவித்திருந்தது. 150 ரூபாய்க்கு மேல் போகாத, கிராமத்துக் குடிசையில் வைக்கக்கூடிய, சாதாரண ராட்டையைவிடப் பல மடங்கு நூற்கும் ராட்டைக்கு. அந்தக் காலத்து ஒரு லட்சம்! பரிசை யாரும் தட்டிக்கொண்டு போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் திருநெல்வேலி மாவட்டத்துப் பாப்பான்குளத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பல கதிர் ராட்டை ஒன்றைச் செய்தார். அவர் பெயரிலிருந்து ஒரு துண்டை எடுத்து ‘அம்பர் சர்க்கா’ என்று அழைத்து, இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசு நாடெங்கும் பரப்பியது. ஹார்விகளின் நூற்பாலை வந்த அதே திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான் இதுவும் வந்தது.

காந்தி எந்திரத்துக்கே எதிரி என்று நினைப்பவர்கள் 1924-இல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் அவரிடம் கேட்ட கேள்வியைப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் மனைவி சௌந்தரத்தோடு திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவர்தான். எல்லா இயந்திரமும் கூடாதா என்று கேட்டதற்கு, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குத் தருவேன் என்றார் காந்தி. மனைவி ஊசியும் நூலுமாகக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் அன்பால் சிங்கர் செய்த கருவி என்று காரணமும் சொன்னார். ஐசக் சிங்கரின் வரலாறு தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்; ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஒன்றுக்கொன்று தெரியாமல் நடத்தியவர் அவர். ஆள் தப்பாக இருந்தாலும் காந்தி வைத்த அளவுகோல் சரி. வீட்டில் செய்யும் வேலையை நிறுத்தாமல், அதைச் செய்பவளின் மணி நேரத்தைக் குறைத்துக் கொடுக்கும் இயந்திரம்.

வாங்குவதற்கும் ஒரு விலை உண்டு, அது ரசீதில் வராது. ராட்டையை விட்டு ஆலை நூலுக்குப் போன நெசவாளியின் கழுத்து ஆலைக்காரன் கையில் போனது. யுத்தகாலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றன. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அது பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2022 மே மாதம் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்துத் திருப்பூரே கதவடைத்தது. உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் ஊர், நூல் விலை கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஏறியது என்று மாதா மாதம் முதல் தேதியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். இட்லி மாவை அரைப்பதா, பாக்கெட் வாங்குவதா? என் வீட்டுக் கணக்கு இது, விலை ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 35, கொஞ்சம் வெந்தயம், கல்லுப்பு. கரண்டுக்குச் சில்லறைக் காசு. மொத்தம் 85-க்குச் சற்று மேல். மாவு மூன்று கிலோ வருகிறது. அதே மூன்று கிலோ கடையில் 150. மிச்சம் 60 ரூபாய்க்கு மேல். இதற்கு ஆகும் நேரம்: களைந்து ஊறவைப்பது, உளுந்து பொங்கி வர அடிக்கடி தண்ணீர் தெளிப்பது, வழிப்பது, உப்புப் போட்டுக் கையால் கரைப்பது. கடைசியாக யாருக்குமே பிடிக்காத வேலை, குழவியைத் தூக்கி ஒட்டியிருக்கும் மாவை விரலால் வழித்துக் கழுவுவது. நின்று பார்க்கும் நேரம் மட்டும் கூட்டினால் ஒரு மணி நேரம். ஆக மணிக்கு அறுபது ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டின் நாள் கூலி 319 ரூபாய், மணிக்கு ஏறக்குறைய நாற்பது. அதைவிட மாவரைப்பது மேல்!

இது கிரைண்டர் கொடுத்த கூலி உயர்வு. 1950-களில் கோவையில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்வதற்கு முன்னால், ஆட்டுக்கல்லில் இதே அளவு மாவுக்கு ஒரு பெண் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து தோள் வலிக்க ஆட்டினாள். மணிக்கு இருபது முப்பதுதான் தேறும். 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை வீட்டுக்கு வீடு கொடுத்தபோது இலவசம் என்று கேலி செய்தவர்கள் பலர். கேலி செய்தவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லில் ஒருநாளாவது உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சிங்கர் மிஷினுக்குக் காந்தி கொடுத்த விலக்கைத்தான் அரசு கிரைண்டருக்குக் கொடுத்தது.

ஆனால் மிச்சமான நேரம் எங்கே போனது? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். வாஷிங் மிஷினும் கேஸ் அடுப்பும் வந்தும் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பது விஷயம். வேலை சுலபமானதும் எதிர்பார்ப்பு கூடியது. ஆண்களும் பிள்ளைகளும் செய்த பங்கை மிஷின் எடுத்துக்கொள்ள, பெண்ணின் பங்கு அவளிடமே தங்கியது. நம் வீடுகளில் அதற்கு அத்தாட்சி இட்லி. என் பாட்டி காலத்தில் தீபாவளிக்கும் விருந்தாளி வரும்போதும் மட்டும் தட்டில் வந்த பண்டம் இன்று வாரத்தில் ஐந்து நாள். ஆட்டுக்கல் இருந்தவரை ஒரு வீட்டில் எத்தனை இட்லி வேகும் என்பதைத் தோள் வலி முடிவு செய்தது.

செய்வதற்கும் வாங்குவதற்கும் நடுவே ஓர் ஏற்பாடு நம்மிடம் இருந்தது, மெள்ள மறைந்துகொண்டிருக்கிறது. மிளகாயும் மல்லியும் மொட்டைமாடியில் காயவைத்து, வறுத்து, தூக்குவாளியில் போட்டு மாவு மில்லுக்கு எடுத்துப் போவது. பொருள் நம்முடையது, மிஷின் அவருடையது, கொடுப்பது அரைக்கூலி. முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டு, மிளகாய்க்குப் பின்னால் கேழ்வரகைப் போட விடாமல் சண்டை பிடித்து, நம் மாவு முழுக்க நம் வாளியில் விழுகிறதா என்று தும்மிக்கொண்டே பார்த்து நிற்பது. துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்துத் தைப்பதும் இதே முறைதான். ரெடிமேடும் மசாலா பாக்கெட்டும் வந்த பிறகு இந்த நடுவழி சுருங்கிவிட்டது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கலப்படமில்லாத பொடி, கஷ்டமில்லாத வேலை, அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு வருமானம் என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது அது. அங்கேயும் வரிசையில் நின்றவர்கள் பெண்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நானும் பூஜ்யம் போட்டவனாவேன்.

அந்தப் பூஜ்யத்தை அரசாங்கமே அளந்து பார்த்தது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்காக நாளொன்றுக்குக் கூலியில்லாமல் 299 நிமிடம் செலவிட்டாள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண் 97 நிமிடம். கைவைக்காதவர்கள் இந்தச் சராசரியில் வரவே மாட்டார்கள். 2023 செப்டம்பர் 15-இல் தமிழகத்தில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தரத் தொடங்கினார்கள். பெண்களின் வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் அரசு அதைச் சொன்னது. 299 நிமிடத்தை முப்பதால் பெருக்கினால் மாதம் ஏறக்குறைய 150 மணி நேரம். ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூட வரவில்லை. அது கூலியல்ல, எனவே இப்படி வகுப்பது முறையில்லை என்று யாராவது சொல்லலாம். வகுத்துப் பார்க்காமல் இருந்ததால்தான் 1935 வரை ஓர் அணா ஓடியது.

எங்கள் தெருவில் ஓர் அம்மா வீட்டிலேயே பெரிய கிரைண்டர் போட்டு மாவு அரைத்து விற்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸும் கிண்ணமுமாக வாசலில் கூட்டம். வாங்கியவர், அளவு, பாக்கி எல்லாம் ஒரு நாப்பது பக்க நோட்டில் இருக்கும். அதில் அவருடைய வீட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. சொந்த அடுப்புக்கு எடுக்கும் மாவையும், எங்களுக்கு என்ன விலையோ அதே விலையில், அன்றன்றைக்கே எழுதிவைத்துவிடுகிறார். மாசக் கடைசியில் கூட்டிப் போட்டுக் கணவரிடம் நீட்டுவார். கல்நெஞ்சக்காரி என்று அவர் எல்லோர் முன்னாலும் சலித்துக்கொள்கிறார். பாக்கி வைப்பதில்லை.